முத்துக் கரையின் பெயர்கள்

தூத்துக்குடியிலிருந்தோ மணப்பாட்டிலிருந்தோ ஒரு மாணவர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிற்குச் சென்று, கடலியலில் ஆய்வு செய்து, கட்டுரை ஒன்றை வெளியிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையின் தலைப்பில் அவர் பெயர் 'பர்னாந்து' என்று அச்சாகிறது. எந்த நாட்டு மரபினர் எத்தனைபேர் அறிவுலகிற்குத் தொண்டாற்றியுள்ளனர் என்று கணக்கெடுக்கும் அறிஞர் ஒருவர் அப்பெயரைப் பார்க்கிறார். அவர் அந்த மாணவரை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? இந்தியர் என்ற கட்டத்திலா, போர்ச்சுக்கீசியர் என்ற கட்டத்திலா?

இது வெறுங் கற்பனைக் கேள்வியன்று. ஆய்வாளரின் குடும்பப் பெயரைக் கொண்டு அவரது மூதாதையர் நாட்டை ஊகிக்கும் முறை இன்று பெருவழக்காக உள்ளது. ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கெர் என்பார், அமெரிக்கக் காப்புரிமைப் பதிவேடுகளிலுள்ள பெயர்களை இவ்வாறு இந்தியர், சீனர், ஹிஸ்பானியர் முதலிய குழுக்களாகப் பிரித்து 2007ஆம் ஆண்டில் ஆய்வுரை எழுதினார். பட்டேல், குப்தா போன்ற பெயர்களுக்கு இம்முறை நன்கு பொருந்தும். பல்லாயிரம் பெயர்களை எண்ணும்போது சிற்சில பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று கூறலாம். ஆனால் நம் கரையில் நேரும் பிழை அத்தகையதன்று. இங்கு ஓரிருவர் தவறிப்போவதில்லை. ஒரு குலத்தார் முழுமையுமே வேறொரு நாட்டுக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுவர். ஒரே பக்கம் சாயும் பிழை எங்ஙனம் ஈடாகும்?

பர்னாந்து, கோமஸ், மச்சாது, மிராந்தா, கோஸ்தா, வாஸ், மோத்தா முதலிய பெயர்கள் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வழங்குகின்றன. இவை வந்த வரலாறு தெளிவானது. முத்துச் சலாபத்தின் உரிமை பற்றிய பூசலில் பரதவர் பெருந்துன்பம் உற்றனர். அப்போது போர்ச்சுக்கீசியரின் கடற்படைத் துணையை நாடும்படி அவர்களுக்கு வழிகாட்டியவர் யோவான் தா குரூஸ் என்பவர். பெயரைக் கேட்டதும் லிஸ்பன் நகரத்தார் என்று எண்ணத் தோன்றுகிறதன்றோ? அவர் கள்ளிக்கோட்டை நாட்டவர். சாமூதிரி மன்னரால் 1513இல் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கு ஞானஸ்நானம் பெற்று, அந்தப் பெயருடன் திரும்பியவர். அவர் காட்டிய வழியிற் சென்ற பரதவருள் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் 1530களின் நடுவில் கிறித்தவராயினர். பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தது அதன் பின்னர், 1542இல் ஆகும். ஞானஸ்நானம் பெறுவோர் ஞானத் தந்தையின் பெயரை ஏற்பது அக்காலப் போர்ச்சுக்கீசியர் பரப்பிய வழக்கம். ஆகவே பெயர் வந்தது, குருதி வரவில்லை.

இதனை ஐயமற விளக்கும் சான்று ஒன்று உண்டு. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு அது மாறியதுண்டாயினும், 1825 வரையில் ஒல்லாந்தர் ஆட்சியே பெரும்பாலும் நிலவியது. போர்ச்சுக்கீசியர் செல்வாக்கு இருந்த காலத்தினும் இது நீண்டது. ஆயினும் ஒல்லாந்தப் பெயர் தாங்கிய பரதவர் குடும்பத்தை நாம் தேடித்தான் காண வேண்டும். ஒல்லாந்தர் சமயம் வேறு; பரதவரோ பழைய கத்தோலிக்க நெறியிலேயே நின்றனர். எனவே குடும்பப் பெயர் ஆண்டவன் யார் என்பதைக்கூடச் சொல்வதில்லை. திருநீராட்டியவன் யார் என்பதையே சொல்கிறது. பரதவரின் சாதித் தலைவர்களோ 'தொன்' என்ற போர்ச்சுக்கீசிய அடைமொழியையும் 'பாண்டியபதி' என்ற பட்டத்தையும் ஒருங்கே தாங்கினர். அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பெயர் மாற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததென்று கருதவேண்டா. இக்கரையில் நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளாரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலை 1578இல் கொல்லத்தில் அச்சிட்டவர் அவர். அன்றிக்கஸ் என்னும் அவர் குடும்பப் பெயர் சிறந்த போர்ச்சுக்கீசியப் பெயர். ஆனால் அவர் முன்னோர் யூதர். போர்ச்சுக்கல் நாட்டு யூதர் 1497இல் வலிந்து மதமாற்றப்பட்டபோது கிறித்தவப் பெயர்களை ஏற்றனர். பெயர் மாறியும் பிறப்பு மறக்கப்படவில்லை. யூத வழியினர் என்ற காரணத்தால் இளமையில் அவர் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக நேர்ந்தது. பின்னரே அவர் இயேசு சபையிற் சேர்ந்து நம் கரைக்கு வந்தார். கற்பித்தவரும் கற்றவரும் ஒருபோலவே இரவற் பெயர் தாங்கியவர்கள்!

இன்னும் சற்று ஆழ நோக்கினால், பர்னாந்து என்னும் பெயர் போர்ச்சுக்கலிலேயே பிறந்ததும் அன்று. ஐபீரிய நாட்டை ஆண்ட கோத்தர் என்னும் ஜெர்மானிய இனத்தார் வழியே அங்குப் புகுந்த பெயர் அது. பர்னாந்துவின் மகன் பெர்னாந்தஸ். அன்றிக்கின் மகன் அன்றிக்கஸ். தொடக்கத்தில் இவையும் நம் முன்னெழுத்துப் போலத் தந்தை பெயரைச் சுட்டியவையே. நம் துறைமுகத்திற்கு 2011இல் சூட்டப்பட்ட பெயரில் 'உ' என்பது வ.உ.சிதம்பரனாரின் தந்தை உலகநாதரைக் குறிக்கிறதன்றோ?

தமிழரிடம் பொதுவாகக் குடும்பப் பெயரே இல்லை என்பது கணக்கெடுப்போரை மேலும் குழப்பும். 1930இல் நோபல் பரிசு பெற்றவர் இராமன். 1983இல் பெற்றவர் சந்திரசேகர். பின்னவர் முன்னவரின் தமையன் மகன். அச்சிட்ட பட்டியலில் இருவர்க்கும் உறவு தெரியாது. இராமனின் தந்தை பெயர் சந்திரசேகரர் என்று அறிந்தவர்க்கே பாட்டன் பெயர் பேரனுக்கு வந்தமை விளங்கும்.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையிலும் இதே நிலைதான். இலங்கையின் போர்ச்சுக்கீசியர் கால வரலாற்றை விரிவாக எழுதிய பேரறிஞர் பால் பீரிஸ் சிங்களவர். அவர் மகனும் அறிஞரே. கொழும்பு அருங்காட்சியகத்தின் தலைவராய் விளங்கிய விலங்கியலாளர். ஆனால் உலகம் அவரை அறிந்தது தெரணியகல என்னும் பெயரால். தந்தையைப் போர்ச்சுக்கீசியக் கட்டத்திலும் மகனைச் சிங்களக் கட்டத்திலும் எழுதும் பட்டியலை என்னென்பது!

ஊர்காவற்றுறைக்கு அருகிலுள்ள கரம்பொன்னில் 1913இல் பிறந்த சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்ற இளைஞரும் இவ்வரிசையில் நினைக்கத்தக்கவர். 'சேவியர்' என்பது நவார் நாட்டுக் கோட்டை ஒன்றின் பெயர். 'ஸ்தனிஸ்லாஸ்' போலந்து நாட்டுப் பெயர். குருவாகித் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்திற்கு வந்து பள்ளியிற் பணியாற்றிய அவர், தனிநாயகம் என்ற தமிழ்ப் பெயரை மேற்கொண்டார். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவி, 1952இல் 'தமிழ்ப் பண்பாடு' என்ற ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். நவாரும் போலந்தும் அவர் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துகளாய்ச் சுருங்கி நின்றன.