எழுதி அறியும் மென்பொருள்

ஆரையம்பதிக்குக் கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. நடுவே ஒடுங்கிய நிலம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்தக் கரையோரத்தையும் தாக்கிய சுனாமி, இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் உறவினர் வீடுகளிலும் தஞ்சம் புகுந்தனர். யார் எங்கே இருக்கிறார், எந்த முகாமுக்கு என்ன வேண்டும், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்ற கேள்விகளுக்கு ஓரிடத்தில் விடை இருக்கவில்லை. அந்த நாட்களில் இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாகத் திரண்டு உருவாக்கி, லங்கா சாஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் பொறுப்பேற்று வளர்த்த மென்பொருள்தான் சகானா. முழுத் திட்டமும் முடிந்த பிறகு நிரல் எழுதுவதா, அல்லது கொஞ்சம் எழுதிப் பயன்பாட்டுக்குக் கொடுத்து, அதில் கண்டதைக் கொண்டு மேலும் எழுதுவதா என்ற பழைய வழக்கில் நம் நாடு தரும் வலுவான சாட்சி அது. தேவை என்னவென்று பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியவரும் வேலைகளுக்கு இரண்டாவது வழியான சுற்றுமுறையே பொருத்தம் என்பது என் வாதம். வேகம் அதன் பக்கப் பயன் மட்டுமே.

சுற்றுமுறை நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் மெர்க்குரி விண்வெளித் திட்டத்தில் நிரலாளர்கள் அரைநாள் சுற்றுகளில் வேலை செய்தனர். தேவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என ஒருவழியாக இறங்கும் அருவிமுறைக்கு மூலம் என்று காட்டப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரை. ஆனால் அந்த வரிசையை அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்று எச்சரித்தவரும் அவரே. புதுவகை மென்பொருளை இருமுறை செய்து பார்க்கும்படியும் சொன்னார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1985இல் ஒருவழி முறையைத் தழுவிய தரநிலையை வெளியிட்டு, 1994இல் சுற்றுமுறைக்கு இடம் தரும் தரநிலைக்கு மாறியது. 2001இல் யூட்டாவில் 17 பேர் கூடி, சுற்றுமுறையை வலியுறுத்தும் அஜைல் பிரகடனத்தை எழுதியபோது, அந்தப் பழக்கத்துக்கு ஏறத்தாழ நாற்பது வயது.

முகாம் பதிவேட்டில் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். கணபதிப்பிள்ளை என்பதை ஆங்கில எழுத்தில் எழுத ஐந்தாறு வழிகள் உண்டு. மூன்று முகாம்களில் மூன்று விதமாக எழுதினால் ஒருவர் மூவராகிவிடுவார். முதல்நாள் பாடசாலையில் பதிந்த குடும்பம் மறுநாள் உறவினர் வீட்டுக்குப் போனால் பதிவை அழிப்பதா, மாற்றுவதா? நிவாரணம் ஆளுக்கா, குடும்பத்துக்கா? கொழும்பில் மேசைமுன் இருந்து இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துவிட முடியாது. சகானாவில் காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனப் பதிவு, உதவிக் கோரிக்கை எனத் தனித்தனிப் பகுதிகள் அமைந்தன. வேறு நாடுகளுக்கும் பொருந்தும்படி 2005இல் அது அடியிலிருந்து மீண்டும் எழுதப்பட்டது. அவ்வாண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதும் கிடைத்தது.

மீண்டும் எழுதியது வீண்செலவு அல்லவா என்று கேட்கலாம். முதல் பதிப்பு கற்றுத் தந்ததுதான் இரண்டாவதன் வரைபடம். அந்த அறிவை வேறெங்கும் விலைக்கு வாங்க முடியாது. கேள்விப்பத்திரம் கோரும் அரச அலுவலகம் செலவை முன்பே அறிய வேண்டாமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். பணத்தையும் காலத்தையும் நிலையாக நிறுத்தி, எந்த வசதி முதலில் வரவேண்டும் என்பதை மட்டும் சுற்றுக்குச் சுற்று தீர்மானிக்கலாம். அப்போது பணம் பாதியில் தீர்ந்தாலும் பயன்படும் ஒன்று கையில் இருக்கும். அருவிமுறையில் பாதியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஆவணங்களே. கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியை இயக்கும் நிரலை நோயாளிமீது சோதித்துத் திருத்த முடியாது என்ற ஆட்சேபத்தை முழுமையாக ஏற்கிறேன். தவறின் விலை உயிராக இருக்கும் இடத்தில், எத்தனை சுற்றுகள் ஓடினாலும் அவை ஆய்வுகூடத்துக்குள்ளேயே முடியவேண்டும்.

சுற்றுமுறை என்றால் ஒழுங்கின்மை என்ற அச்சத்துக்கு மட்டக்களப்பின் கூத்து மரபு விடை சொல்கிறது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுத்த பிறகு, அதாவது ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்தளித்த பிறகு, மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். கிழமைக்கூத்தில் ஊரார் பார்த்துக் குறை சொல்வர். அடுக்குப் பார்த்து, அதாவது முழு ஒத்திகை பார்த்து, அதன் பின்பே அரங்கேற்றம். ஒவ்வொரு சுற்றுக்கும் பார்ப்பவர் உண்டு, முடிவும் உண்டு. ஒரு வேறுபாட்டையும் மறக்கக்கூடாது: கூத்தில் ஏடு முன்பே இருக்கிறது, மென்பொருளில் ஏடே சுற்றுகளின் ஊடாகத்தான் எழுதப்படுகிறது. ஆகவே கிழமைதோறும் பார்த்துச் சொல்பவர்கள் மென்பொருளுக்கு இன்னும் அவசியம். மண்முனைப்பற்றுப் பிரதேச செயலகத்துக்கோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ நாளை மென்பொருள் செய்யப்போகும் இளைஞர்கள், எந்த முறை நவீனமானது என்று கேட்பதைவிட, தேவையை அறிந்தவர் யார், அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை நம் வேலையைப் பார்ப்பார் என்று கேட்கட்டும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாத திட்டம், எந்தப் பெயரில் நடந்தாலும் ஒருவழி அருவிதான்.