ஓடைக்கரைக் கழுகுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் என் சிறுவயதில் மாடு செத்தால் யாரும் குழி தோண்டியதில்லை. வண்டியில் ஏற்றிப் போய் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் போட்டுவிடுவார்கள். தோல் உரிக்கும் வேலையை ஊர் ஒரே சாதியார் தலையில் கட்டியிருந்தது. அந்த அநியாயத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். தோல் போக மிச்சமெல்லாம் கழுகுக்கு. வெயில் ஏறியதும் வானத்தில் ஒரு புள்ளி வட்டமிடும். பிறகு பத்து, இருபது. மறுநாள் போனால் எலும்புக்கூடுதான் கிடக்கும், நாற்றம்கூட இருக்காது. அடைப்பான் நோய்க் கிருமியையும் தாங்கும் வயிறு அவற்றுக்கு.

எங்களுக்கு எல்லாமே கழுகுதான். பாறு என்ற பழைய தமிழ்ப்பெயர் பின்னாளில்தான் தெரிந்தது. ஓடைக்கரைக்கு வந்தவை பெரும்பாலும் வெண்முதுகுப் பாறுகள். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் மலைமேல் இறங்கி நைவேத்தியம் தின்றவை வேறு இனம், மஞ்சள்முகப் பாறு. அவையும் 1990-களில் வராமல் நின்றன. கலி முற்றிவிட்டது என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம்.

காரணம் என் கைப்பெட்டியிலேயே இருந்தது. நான் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன். 1990-களில் டைக்ளோஃபெனாக் ஊசி மாடுகளுக்கு வந்தபோது எங்களுக்குப் பெரிய ஆறுதல். விலை மலிவு, பலன் உடனே தெரியும். கால் வீக்கம், மடிவீக்கம், கோமாரிக் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அதுதான். படுத்த மாடு எழுந்து தண்ணீர் குடித்தால் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். எழாத மாடு இரண்டொரு நாளில் ஓடைக்கரைக்குப் போகும், நான் போட்ட மருந்தோடு.

பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்துக் கிடந்த பாறுகளை லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கரின் குழு அறுத்துப் பார்த்தது. ஈரல், இருதயமெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுச் செத்திருந்தன, காரணம் டைக்ளோஃபெனாக். 2004 ஜனவரியில் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு மாட்டில் கூட்டமாக உட்கார்ந்து தின்னும் பறவை, ஆண்டுக்கு ஒரே முட்டை, எப்படித் தாங்கும்? 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டன.

2006-இல் மாட்டு மருந்தாக அதைத் தடை செய்தார்கள். ஆனால் மனிதருக்கான 30 மில்லி பாட்டில் கடையில் கிடைத்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். பெரிய பாட்டில் யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். 2015-இல் அதையும் நிறுத்தினார்கள். மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. 2023-இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் தடை வந்தது.

தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். எங்கள் ஓடைக்கரையில் நாய்க் கூட்டம்தான் திரிகிறது.

போன மாதம் தம்பி மகன் போன் செய்தான். பசுவுக்குக் கால் வீக்கமாம். "பெரியப்பா, அந்தக் காலத்துல ஒரு ஊசி போடுவீங்களே, அது பேர் என்ன?" என்றான். பேரைச் சொல்லவில்லை. டாக்டரிடம் மெலாக்சிகாம் கேட்டு வாங்கச் சொன்னேன்; அது பாறுகளைக் கொல்லாத மருந்து. எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தேன்.