நடுவர் காணாத குற்றம்: உலகக் கோப்பைக் கால்பந்தில் வன்செயலுக்கான வெளியேற்றமும் தடையும் (1962–2018)

ஆய்வுச் சுருக்கம்

கால்பந்தில் வன்செயல் புரியும் வீரருக்கு இருவகைத் தண்டனைகள் உள்ளன. ஆட்டத்திலிருந்து அப்போதே வெளியேற்றுதல் ஒன்று. அடுத்துவரும் ஆட்டங்களில் ஆடவிடாது தடைசெய்தல் மற்றொன்று. முன்னது களத்தில் நிற்கும் நடுவரின் கண்ணைச் சார்ந்தது. பின்னது ஆட்டம் முடிந்தபின் கூடும் ஒழுங்குக் குழுவின் முடிவைச் சார்ந்தது. நடுவர் காணாத வன்செயலை ஆட்டவிதி எவ்வாறு எதிர்கொண்டது என்பதை 1962 முதல் 2018 வரையிலான உலகக் கோப்பை நிகழ்வுகள் சிலவற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கால்பந்து, வன்செயல், நடுவர், சிவப்பு அட்டை, ஒழுங்குக் குழு, காணொளிச் சான்று.

முன்னுரை

பொதுவழக்கில் ‘சிவப்பு அட்டை’ என்னும் தொடர் வெளியேற்றம், தடை ஆகிய இரண்டையும் சேர்த்தே குறிப்பதுபோல் ஆளப்படுகிறது. வரலாற்று நோக்கில் இவ்விரண்டும் வேறுவேறானவை. வெளியேற்றப்பட்ட ஒருவர் தடைபெறாமல் அடுத்த ஆட்டத்தில் ஆடியதுண்டு. வெளியேற்றப்படாத ஒருவர் பல மாதத் தடை பெற்றதும் உண்டு. இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளாத எழுத்துகள் கால்பந்து வன்செயலை வீரர்களின் சினத்தின் கதையாக மட்டுமே சொல்லிச் செல்கின்றன. சினம் எக்காலத்தும் இருந்தது. மாறியது சான்றே. யார் கண்டார், எப்போது கண்டார், கண்டதைச் சான்றாகக் கொள்ள விதி இடமளித்ததா என்னும் வினாக்களே தண்டனையின் போக்கைத் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

விதியின் தொடக்கம்

இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் 1863இல் தோன்றியபோது எழுந்த பெரும் பிணக்கு வன்செயல் பற்றியதே. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கும் வழக்கத்தை விலக்குவதா, வைத்துக்கொள்வதா என்று வாதிட்டனர். விலக்குவது என்று முடிவானதும் பிளாக்ஹீத் கழகம் சங்கத்திலிருந்து பிரிந்தது. உதைத்தலும் இடறிவிடுதலும் இவ்வாறு தடுக்கப்பட்டன. எனினும் தடுத்ததை மீறியவரை வெளியேற்றும் அதிகாரம் எவருக்கும் அளிக்கப்படவில்லை. அவ்விதிகளில் நடுவர் என்னும் பாத்திரமே கிடையாது. கனவான்கள் வேண்டுமென்றே விதிமீற மாட்டார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. எச்சரிக்கவும் வெளியேற்றவும் உரிய அதிகாரம் 1880களின் தொடக்கத்தில் நடுவருக்குக் கிடைத்தது. 1891இல் அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து களத்துக்குள் வந்தார். தொழில்முறை ஆட்டம் 1885இல் ஏற்கப்பட்டதை அடுத்து இம்மாற்றம் நிகழ்ந்தது தற்செயலன்று. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், ஒற்றை மனிதரின் இரு கண்களே ஆட்டத்தின் நீதிமன்றமாக இருந்தன.

சாந்தியாகோ, 1962

இந்த நீதிமன்றத்தின் எல்லை முழுமையாக வெளிப்பட்ட நாள் 1962 ஜூன் 2. சாந்தியாகோ நகரின் தேசிய அரங்கில் சிலியும் இத்தாலியும் மோதின. 1960ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திலிருந்து மீண்டுவந்த சிலி, அரும்பாடுபட்டு அந்த உலகக் கோப்பையை நடத்திக்கொண்டிருந்தது. இத்தாலிய இதழாளர் இருவர் சாந்தியாகோவை இழித்து எழுதிய கட்டுரைகள் சிலி மக்களிடையே முன்னரே பரவியிருந்தன. எனவே ஆட்டம் தொடங்கும் முன்பே பகை மூண்டிருந்தது.

பன்னிரண்டாம் நிமிடத்தை ஒட்டி இத்தாலியின் ஜியோர்ஜியோ ஃபெர்ரினியை ஆங்கில நடுவர் கென் ஆஸ்டன் வெளியேற்றினார். ஃபெர்ரினி போக மறுத்தார். காவலர் வந்து அழைத்துச் செல்லும்வரை ஆட்டம் நின்றது. பின்னர் சிலியின் லியோனல் சாஞ்செஸ், தம்மை உதைத்த மாரியோ டாவிடை முகத்தில் குத்தி வீழ்த்தினார். சாஞ்செஸ் ஒரு குத்துச்சண்டை வீரரின் மகன். அவர் வெளியேற்றப்படவில்லை. சற்று நேரத்தில் டாவிட் பழிவாங்கும் வகையில் சாஞ்செஸின் தலையை நோக்கிக் காலை ஓங்கினார். நடுவர் அவரை வெளியேற்றினார். இத்தாலியின் உம்பெர்த்தோ மாஸ்கியோவின் மூக்கு உடைந்ததும் சாஞ்செஸின் கையால்தான். அதற்கும் களத்தில் தண்டனை இல்லை. ஒன்பது பேராகச் சுருங்கிய இத்தாலி 0–2 எனத் தோற்றது.

இங்கே நடுவரின் பிழையைக் காட்டிலும் அதன்பின் நிகழாதவையே நம் கவனத்துக்குரியவை. குத்துகள் படச்சுருளில் பதிவாயின. அச்சுருள் விமானத்தில் இங்கிலாந்துக்குச் சென்று சில நாள்களில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, மக்கள் திகைப்புடன் கண்டனர். ஆயினும் சாஞ்செஸ் காலிறுதியில் ஆடிச் சோவியத் ஒன்றியத்துக்கு எதிராகக் கோலடித்தார். தொடரின் முடிவில் நான்கு கோல்களுடன் அதிக கோலடித்த அறுவருள் ஒருவரானார். உலகம் கண்ட குற்றத்தை விதி காணவில்லை.

அதே தொடரின் அரையிறுதியில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. ஜூன் 13 அன்று பிரேசிலின் கரிஞ்சா, சிலியின் எலாடியோ ரோஹாஸை உதைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். பெரு நாட்டு நடுவர் அர்துரோ யமசாகிக்கு அச்செயலைத் தெரிவித்தவர் உருகுவே நாட்டுக் கோட்டு நடுவர் எஸ்தபான் மரினோ. ஒழுங்குக் குழு கூடியபோது மரினோ சாட்சியளிக்க அங்கில்லை, ஊரைவிட்டுப் போய்விட்டிருந்தார். கரிஞ்சாவுக்கு எச்சரிக்கை மட்டுமே கிடைத்தது. ஜூன் 17 அன்று இறுதியாட்டத்தில் ஆடிக் கோப்பையும் வென்றார். மரினோவின் புறப்பாட்டுக்குப் பின்னால் அரசியல் கைகள் இருந்தன என்று பின்னாளில் பலரும் எழுதினர். அது மெய்யோ பொய்யோ, அமைப்பின் நொய்ம்மை தெளிவாகிறது: வெளியேற்றம் தானாகவே தடையாக மாறவில்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு சாட்சி தேவைப்பட்டார், சாட்சி இல்லாதபோது தடையும் இல்லை. சாஞ்செஸ், கரிஞ்சா என்னும் இருவரையும் ஒருசேர வைத்துப் பார்த்தாலன்றி 1962இன் முழுப் பொருள் விளங்காது. முதலாமவர் கண் இல்லாததால் தப்பினார். இரண்டாமவர் கண்ட கண் விலகியதால் தப்பினார்.

அட்டையின் வருகை

1966 ஜூலை 23 அன்று வெம்பிளியில் அர்ஜெண்டினாவின் தலைவர் அந்தோனியோ ரட்டினை மேற்கு ஜெர்மானிய நடுவர் ருடோல்ஃப் கிரைட்லைன் வெளியேற்றினார். நடுவருக்கு ஸ்பானியம் தெரியாது. ரட்டினுக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கோரி, ரட்டின் பல நிமிடங்கள் களத்தை விட்டு அகலவில்லை. அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் எச்சரிக்கப்பட்டனர் என்பது மறுநாள் நாளிதழ் வழியாகவே தெரியவந்தது. அத்தொடரின் நடுவர்களுக்குப் பொறுப்பாயிருந்தவர், நான்காண்டுகளுக்கு முன் சாந்தியாகோவில் துன்புற்ற அதே ஆஸ்டன். வீடு திரும்பும் வழியில் லண்டன் சாலையின் போக்குவரத்து விளக்குகளைக் கண்டு மஞ்சள், சிவப்பு அட்டைகள் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. அத்தொடரில் எவரும் வெளியேற்றப்படவில்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டையை 1974இல் சிலியின் கார்லோஸ் காஸ்செலி பெற்றார்.

அட்டையைப் பெரும் புரட்சியாகக் கொண்டாடும் வழக்கம் உண்டு. அது தீர்த்தது மொழிச் சிக்கலை மட்டுமே என்பது என் மதிப்பீடு. நடுவர் கண்டதை எல்லார்க்கும் அறிவிக்க அட்டை உதவியது. நடுவர் காணாததைக் காண அது உதவவில்லை. சாந்தியாகோவில் ஆஸ்டனின் சட்டைப்பையில் சிவப்பு அட்டை இருந்திருந்தாலும் சாஞ்செஸ் தப்பியே இருப்பார்.

செவில்லி, 1982

இதற்குச் செவில்லி நகரைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. 1982 ஜூலை 8 அரையிறுதியில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் ஆடின. இரண்டாம் பாதியில் மாற்று வீரராக இறங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்த பத்ரிக் பத்திஸ்தோன், முன்னேறி வந்து பந்தை உதைத்தார். பந்து கோலுக்கு வெளியே உருண்டது. ஓடிவந்த ஜெர்மானியக் கோல் கீப்பர் ஹரால்ட் ஷூமாகர் காற்றில் எழும்பி, இடுப்பால் அவர் முகத்தில் மோதினார். பத்திஸ்தோன் நினைவிழந்து வீழ்ந்தார். பற்கள் உடைந்தன, முதுகெலும்பில் காயம் ஏற்பட்டது. அவர் இறந்துவிட்டார் என்றே எண்ணியதாகச் சக வீரர் மிஷெல் பிளாட்டினி பின்னர் கூறினார்.

டச்சு நடுவர் சார்லஸ் கோர்வரின் கண்கள் பந்தைத் தொடர்ந்திருந்தன. அவர் கோல் உதை வழங்கினார். ஃபவுல் இல்லை, அட்டை இல்லை. அந்தக் கோல் உதையை எடுத்தவர் ஷூமாகரே. ஆட்டம் 3–3 எனச் சமனாகிப் பெனால்டி உதைகளுக்குச் சென்றது, ஷூமாகர் அதில் இரண்டைத் தடுத்தார், ஜெர்மனி வென்றது. மூன்று நாள் கழித்து நடந்த இறுதியாட்டத்திலும் அவர் ஆடினார். உடைந்த பற்களுக்கு உறையிடும் செலவை ஏற்பதாக அவர் சொன்னது பிரெஞ்சு மக்களின் சினத்தைக் கூட்டியது. ஜெர்மன் அதிபர் ஷ்மிட்டும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தெரானும் கூட்டறிக்கை வெளியிடும் அளவுக்கு நிலை முற்றியது. பின்னர் ஷூமாகர் நேரில் மன்னிப்புக் கோரினார், பத்திஸ்தோன் ஏற்றுக்கொண்டார்.

இரு அரசுத் தலைவர்கள் பேசினர், பாதிக்கப்பட்டவர் மன்னித்தார், ஆனால் தண்டிக்கும் கடமை உடைய விளையாட்டு அமைப்பு ஒரு நாள் தடைகூட விதிக்கவில்லை. 1962இல் படச்சுருள் விமானத்தில் போய்ச் சேர்ந்தது. 1982இல் மறு ஒளிபரப்பை அந்நொடியிலேயே பல நாட்டு மக்கள் கண்டனர். இருபதாண்டு இடைவெளியில் தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்திருந்தும் சான்று பற்றிய விதி நகராதிருந்தது. நடுவரின் முடிவே இறுதி என்னும் கொள்கையை, நடுவர் முடிவே எடுக்காத செயலுக்கும் நீட்டித்ததில்தான் தவறு இருந்தது.

1994: இரு முழங்கைகள்

இந்நீட்டிப்பு 1994இல் உடைந்தது. ஜூலை 4 அன்று பிரேசிலின் லியோனார்டோ தம் முழங்கையால் அமெரிக்காவின் டாப் ராமோஸைத் தாக்கினார். ராமோஸின் மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டது. லியோனார்டோ உடனே வெளியேற்றப்பட்டு, நான்கு ஆட்டத் தடை பெற்றார். ஐந்து நாள் கழித்து, பாஸ்டனை அடுத்த பாக்ஸ்பரோவில் நடந்த காலிறுதியின் கடைசிக் கட்டத்தில் இத்தாலியின் மவுரோ தசோத்தி, ஸ்பெயினின் லூயிஸ் என்ரிக்கேயின் மூக்கை முழங்கையால் உடைத்தார். நிகழ்ந்த இடம் இத்தாலியின் பெனால்டிப் பகுதி. ஹங்கேரி நடுவர் ஷாண்டோர் பூல் அதைத் தண்டிக்கவில்லை. குருதி தோய்ந்த சட்டையுடன் என்ரிக்கே முறையிட்டும் பயனில்லை. இத்தாலி 2–1 என வென்றது.

இம்முறை ஃபிஃபா காணொளியை ஆராய்ந்து தசோத்திக்கு எட்டு ஆட்டத் தடை விதித்தது. உலகக் கோப்பையில் காணொளிச் சான்றால் பின்னிட்டுத் தடைசெய்யப்பட்ட முதல் வீரர் அவரே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதன்பின் அவர் இத்தாலிக்காக ஆடவே இல்லை. நடுவர் கண்ட முழங்கைக்கு நான்கு, காணாத முழங்கைக்கு எட்டு என்னும் இக்கணக்கு ஆராயத்தக்கது. காணத் தவறிய வெளியேற்றத்தையும் குழு தன் தடையில் சேர்த்தே எண்ணியதோ என்று தோன்றுகிறது. எவ்வாறாயினும் ஸ்பெயினுக்கு அது எதையும் மீட்டுத் தரவில்லை. உரிய நேரத்தில் வழங்கப்பட்டிருந்தால் ஆட்டத்தைச் சமன்செய்யும் வாய்ப்பாகிய ஒரு பெனால்டி அவர்களுக்குக் கிடைத்திருக்கும். எட்டு ஆட்டத் தடையின் பயனை நுகர்ந்தவை இத்தாலியை அடுத்துச் சந்தித்த அணிகள். பின்னிட்ட தடை குற்றவாளியைத் தண்டிக்கிறது; இழந்தவருக்கு ஈடு செய்வதில்லை.

அதே 1994 ஏப்ரலில் ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸ் அணியின் டங்கன் ஃபெர்குசன், எதிரணி வீரர் ஒருவரைத் தலையால் முட்டினார். நடுவர் அவருக்கு எச்சரிக்கைகூட வழங்கவில்லை. ஆனால் சங்கம் 12 ஆட்டத் தடை விதித்தது. குற்றவியல் நீதிமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனையும் விதித்தது. களத்தின் கண் மூடியிருந்தபோது அரசின் கண் திறந்துகொண்டது என்பதற்கு இது ஓர் அரிய சான்று.

கண் மீண்டும் களத்துக்கு

2006 ஜூலை 9, பெர்லின். இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் பிரான்சின் ஜினடின் ஜிடான், இத்தாலியின் மார்கோ மத்தராசியின் மார்பில் தலையால் முட்டினார். நடுவர் ஒராசியோ எலிசோண்டோ அதைக் காணவில்லை. நான்காம் நடுவர் லூயிஸ் மெதினா கந்தலேஹோ தெரிவித்ததன் பேரில் சிவப்பு அட்டை காட்டினார். நான்காம் நடுவர் தம் கண்ணால் கண்டாரா, திரையில் கண்டாரா என்பது பெரும் சர்ச்சையாயிற்று. தம் கண்ணாலேயே கண்டார் என்று ஃபிஃபா வலியுறுத்தியது. குற்றம் நிகழ்ந்ததை எவரும் மறுக்கவில்லை. கண்ட முறை விதிக்கு உட்பட்டதா என்பதே வழக்கு. ஜிடானுக்கு விதிக்கப்பட்ட மூன்று ஆட்டத் தடை, அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் மூன்று நாள் சமூகப் பணியாக மாறியது. மத்தராசிக்கு, தூண்டிய சொற்களுக்காக, இரண்டு ஆட்டத் தடை.

2014 ஜூன் 24 அன்று நத்தால் நகரில் உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ், இத்தாலியின் ஜியோர்ஜியோ கியெல்லினியைத் தோளில் கடித்தபோது, தசோத்தி நிகழ்வின் வடிவமே திரும்பியது. களத்தில் தண்டனை இல்லை, உருகுவே வென்றது, இத்தாலி வெளியேறியது. இரண்டு நாளில் ஒன்பது பன்னாட்டு ஆட்டத் தடையும், கால்பந்துச் செயல்பாடு அனைத்திலிருந்தும் நான்கு மாத விலக்கும், 1,00,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. கடித்ததற்காக அவர் தடைபெற்றது மூன்றாம் முறை: 2010இல் ஏழு ஆட்டம், 2013இல் பத்து ஆட்டம். மூன்று முறையும் களத்தில் வெளியேற்றம் நிகழவில்லை. மூன்று தடைகளும் பின்னிட்டு வந்தவை.

2018 மார்ச்சில் காணொளி உதவி நடுவர் முறையை ஆட்டவிதிகளில் சேர்த்தனர்; அவ்வாண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் அது நடைமுறைக்கு வந்தது. அத்தொடரில் காட்டப்பட்ட சிவப்பு அட்டைகள் நான்கே. அவற்றுள் ஒன்றும் வன்செயலுக்கானதன்று. 2006இல் அவ்வெண்ணிக்கை 28. ஒரு தொடரை மட்டும் கொண்டு காரணம் கூறுவது பொருந்தாது. ஆனால் புதிய நெறிமுறையில் இடம்பெற்ற ஒரு விலக்கு இக்கட்டுரையின் பொருளோடு நேரடித் தொடர்புடையது. ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கிவிட்டால், அதற்கு முன் நிகழ்ந்த கோலையோ பெனால்டியையோ நடுவர் மறுபடி ஆராய முடியாது. ஆள்மாறாட்டமாக அட்டை காட்டப்பட்டிருந்தால் ஆராயலாம். வன்செயல், உமிழ்தல், கடித்தல், மிக இழிவான செயல் ஆகியவற்றுக்கு உரிய வெளியேற்றத்தையும் ஆராயலாம். செவில்லியில் கோல் உதை எடுக்கப்பட்ட கணத்தில் முடிந்துபோன வழக்கு, இவ்விதியின்கீழ் அதற்குப் பின்னும் திறந்தே இருந்திருக்கும்.