சல்லடைக் கண்ணில் சிக்கிய மிளகு

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் என் ஆச்சி முப்பது வருஷம் முறம் பிடித்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பள்ளி விட்டதும் அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். புடைக்கும்போது பொக்கு மிளகு முறத்தின் நுனிக்கு ஓடும். கனத்த மணி அவள் பக்கம் நிற்கும். அதன்பிறகு சல்லடை.

சலித்துத் தரம் பிரித்த மிளகுக்கு வியாபாரத்தில் 'கார்பிள்ட்' என்று பெயர். சலிப்பதைக் குறிக்கும் 'கர்பல' என்ற அரபுச் சொல் இத்தாலிய வணிகர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. லண்டன் நகரில் மசாலாச் சரக்கைச் சலித்துச் சோதிக்கத் தனி அதிகாரியே இருந்தார். அரபிக்கடல் கடந்த சொல், 'மலபார் கார்பிள்ட்' என்று எங்கள் ஊர்ச் சாக்கின் மேல் திரும்பி வந்து உட்கார்ந்தது. 1937இல் வந்த தரப்படுத்தல் சட்டத்தின் அக்மார்க் முத்திரை பின்னாளில் மிளகுக்கும் வந்தது. யூதத் தெருவில் 1957இல் மிளகுக்கென்றே முன்பேர வணிகச் சங்கம் தொடங்கியபோது, தரத்தின் பெயரைச் சொன்னாலே மூட்டையைப் பிரிக்காமல் விலை பேச முடிந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தலச்சேரியின் கதை. அந்தத் துறைமுகத்தின் பெயர் காலப்போக்கில் பருமனின் பெயராகிவிட்டது. வயநாட்டில் விளைந்தாலும் இடுக்கியில் விளைந்தாலும், 4.25 மில்லிமீட்டர் கண்ணில் இறங்காமல் நின்றால் அது 'தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்ட்'. 4.75இலும் நின்றால் 'ஸ்பெஷல்'. ஒரே கொடியின் மணிகள் தலச்சேரி, மலபார் என்று இரண்டு பெயரில் கப்பலேறும்.

இப்போது நான் காக்கநாட்டில் தரவுப் பகுப்பாய்வு நிரல் எழுதுகிறேன். எண்களை வகுப்புகளாகப் பிரிக்கும் 'பின்னிங்' செயற்கூறு ஒன்றைச் சென்ற மாதம் சேர்த்தேன். எத்தனை வகுப்பு வேண்டும் என்பதற்கு ஸ்டர்ஜஸ் 1926இல் தந்த சூத்திரம் இருக்கிறது. ஆயிரம் எண்களுக்குச் சுமார் 11 வகுப்பு சொல்லும். 4.25 அந்தக் கணக்கில் வராது. அது வாங்குபவன் கண்ணும் விற்பவன் சல்லடையும் சேர்ந்து வைத்த எல்லை. அதனால் எல்லைகளைப் பயன்படுத்துபவரே கொடுக்கும்படி எழுதினேன்.

முதல் சோதனையில் கூட்டுத்தொகை உதைத்தது. எல்லைக்கு வெளியே விழுந்த எண்களை, நான் நம்பியிருந்த பான்டாஸ் நிரல் நூலகத்தின் 'கட்' செயற்கூறு சத்தமில்லாமல் வெற்றிடமாக்கிவிட்டது. கிட்டங்கியில் அப்படி நடக்காது. கடைசிச் சல்லடைக்கும் கீழே இறங்கும் குருணி மணிக்கு 'பின்ஹெட்' என்று ஒரு தரம், ஒரு சாக்கு, ஒரு விலை உண்டு. பொக்கும் எண்ணெய் எடுக்கப் போகும். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வகுப்பு சேர்த்த பிறகே கணக்கு நேரானது.

மிச்சம் இருந்தது எல்லையிலேயே நிற்கும் எண். சரியாக 4.75 என்றால் மேலா, கீழா? சிறுமியாக நான் கேட்டதும் அதுதான். "ஆச்சி, ஓட்டையிலயே மாட்டிக்கிட்டதை எதுல போடுவீங்க?"

உள்ளங்கையால் சல்லடையை ஒரு தேய் தேய்த்தாள். மணிகள் பொலபொலவென்று அடியில் உதிர்ந்தன. "கைக்கு இறங்குனா கீழ்ச் சாக்குதாம்ட்டி. பெருசுன்னு சொல்லி வித்துட்டு, வாங்குனவன் சலிச்சா இறங்கிறப்படாதுல்லா."

மேல் எல்லையில் நிற்கும் எண் கீழ் வகுப்புக்கே சேரும்படி எழுதினேன். பக்கத்தில் குறிப்புரையாக அவள் சொன்னதைத் தமிழிலேயே சேர்த்திருக்கிறேன்.