ஆடினால் காசு!

டிக்கெட் போட்டு, மூச்சிரைக்க ஜும்பா ஆடி, வசூலை வைத்தியச் செலவுக்குக் கொடுக்கிறார்களே... இதெல்லாம் ஃபாரின் சரக்கு என்றா நினைக்கிறீர்கள்? சாத்தான்குளம் பக்கம் சொன்னால் சிரிப்பார்கள்!

சாத்தான்குளத்திலிருந்து கடலைப் பார்த்துப் போனால் குலசேகரப்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் கொடி ஏறியதும் பக்தர்கள் காப்புக் கட்டி, காளி, கரடி, குரங்கு, போலீஸ்காரர் என்று வேஷம் போட்டுவிடுவார்கள். நோய் தீர்ந்தால் வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்டவர்கள் நிறைய. ஊர் ஊராக தசரா குழுக்கள் மேளத்துக்கு ஆடியபடி வீடு வீடாகக் கையேந்தும். கடை முதலாளியானாலும் சரி, காப்புக் கட்டிவிட்டால் அம்மன் பேரில் பிச்சைதான்! கௌரவம் பார்க்க முடியாது. பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். சேர்ந்த காணிக்கை கோயில் உண்டியலுக்கு.

அமெரிக்கக் கதை வேறு. 1923-ல் நியூயார்க்கில் ஆல்மா கம்மிங்ஸ் என்ற பெண்மணி 27 மணி நேரம் ஆடினார். ஜோடி சேர்ந்த ஆறு ஆண்கள் மாறி மாறிக் களைத்துப்போனார்கள்! உடனே ஊரெல்லாம் போட்டி. 1930-களில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் அதுவே வயிற்றுப்பாடாகிவிட்டது. ஆடுகிற வரைக்கும் சோறு, விழுந்தால் வெளியே. ஜோடியின் தோளில் சாய்ந்து, கால் மட்டும் அசைய, ஆடியபடியே தூங்கினார்கள், பாவம். அதை டிக்கெட் வாங்கிப் பார்த்தது ஒரு கூட்டம்!

அதே ஆட்டத்தை 1973-ல் தர்மத்துக்காக ஆடினார்கள், பென் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள். 1977-லிருந்து வசூல், புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களுக்குப் போகிறது. ஆடுகிறவர்கள் 46 மணி நேரம் உட்காரவே கூடாது.