வேது மனையும் நல்லுரை அவையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலைச்சரிவில் போனக்காடு என்னும் ஊர் உள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் தேயிலைத் தோட்டம் எழுந்த இடம் அது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்குச் செல்லும் மலைவழி அங்கிருந்து தொடங்குகிறது. அம்மலையைப் பொதிகை என்று போற்றுகிறோம். அதில் உறைந்த அகத்தியரைத் தமிழ் மருத்துவத்தின் முதல் ஆசானாகக் கொள்கிறோம். சளி பிடித்தால் நொச்சித் தழையை வெந்நீரிலிட்டு, போர்வைக்குள் தலை கவிழ்த்து வேது பிடிப்பது, எம்மாநிலத்தில் குடியேறினும் நம் இல்லங்கள் மறவாத வழக்கம். சித்த மருத்துவம் கூறும் 32 புற மருத்துவ முறைகளுள் வேதும் ஒன்று.

இது தனியொருவர் பிடிக்கும் வேது. பலர் ஓரறையில் கூடியிருந்து வியர்த்து, தம் மனக்குறைகளையும் ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்து ஆறுதல் பெறும் முறையை மேலைநாட்டு உளநல அறிஞர் சிலர் ஆராய்ந்துள்ளனர். இது முற்றிலும் புதியதுதானா?

விடை தேடப் பொதிகையே வழி காட்டுகிறது. 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டதாகக் கூறுகிறது. பௌத்தர் போற்றிய போதலக மலை பொதிகையே எனக் கருதும் அறிஞரும் உளர். அப்பௌத்தர்தம் துறவு மடங்களில் கூட்டு வேதுக்குத் தெளிவான சான்று கிடைக்கிறது.

வைசாலியில் கொழுமையான உணவை உண்டு துறவியர் நோயுற்றதைக் கண்ட மருத்துவன் ஜீவகன், அவர்களுக்கு உலாவும் இடமும் 'ஜந்தாகரம்' என்னும் வெப்பமனையும் வேண்டுமெனப் புத்தரிடம் விண்ணப்பித்தான் என்கிறது வினய பிடகம். அடுப்பு, புகைபோக்கி, முகத்தில் பூசக் களிமண், அமர மணை ஆகியவற்றையும் அந்நூல் விவரிக்கிறது. முதியோரை நெருக்கி அமரலாகாது. இளையோரை இருக்கையினின்று எழுப்பலாகாது என்பன அம்மனையின் விதிகள். இலங்கையில் குருநாகல் மாவட்டத்து அரன்கலே மடத்தின் இடிபாடுகளிடையே இத்தகைய மனையொன்றை இன்றும் காணலாம்.

அதே சங்கத்தில் மனத்தின் அழுக்கை நீக்கவும் ஏற்பாடு இருந்தது. மழைக்காலத் தங்கல் முடிவில் 'பவாரணை' என்னும் நாளில், ஒவ்வொரு துறவியும் அவை நடுவே, தம்மிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றங்களை இரக்கத்தோடு எடுத்துரைக்குமாறு ஏனையோரை வேண்டுவார். வெப்பமனையும் இவ்வவையும் வெவ்வேறு. எனினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. உடன் இருப்பவரின் நலம் பேணுதலே அது.

இரண்டையும் ஓரிடத்தில் இணைத்தோர் வட அமெரிக்கப் பழங்குடியினர். தாழ்ந்த குடிலின் இருளில், காய்ந்த கற்கள்மீது நீர் தெளித்து, ஆவி சூழ அமர்ந்து, ஒவ்வொருவராகத் தம் துயரையும் வேண்டுதலையும் கூறுவர். அவர்தம் சடங்குகளை ஒடுக்க 1883-இல் அமெரிக்க அரசு விதிகள் வகுத்தது. 1978-இல்தான் சமயவுரிமைச் சட்டம் அவற்றுக்குக் காப்பளித்தது.

அம்முறையைப் பிறர் கைக்கொண்டபோது நேர்ந்த கேடும் உண்டு. 2009 அக்டோபரில் அரிசோனா மாநிலத்தில், தன்முன்னேற்றப் பயிற்சி என்ற பெயரில் நடந்த வியர்வைக் குடில் நிகழ்ச்சியால் மூவர் மாண்டனர். அதனை நடத்தியவர் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக 2011-இல் தண்டனை பெற்றார்.

இவ்வாபத்தைச் சரக சம்ஹிதை முன்னரே அறிந்திருந்தது. 'ஜேந்தாகம்' என்னும் வட்டமான வேது அறையில் சுவரை ஒட்டித் திண்ணை அமைக்கச் சொல்லும் அந்நூல், வியர்வையாலும் மயக்கத்தாலும் தளர்ந்தாலும் அத்திண்ணையைக் கைவிடலாகாது என்கிறது. கைவிட்டவன் வாயிலைக் காணாமல் உயிரிழப்பான் என்றும் எச்சரிக்கிறது. உடல் லேசானதும் திண்ணையைப் பற்றிச் சென்றே வாயிலை அடைய வேண்டும். உடனே குளிர்ந்த நீரைத் தொடாமல், சற்றே இளைப்பாறி, வெதுவெதுப்பான நீரில் நீராட வேண்டும்.

இவற்றால் நாம் அறிவது என்ன? வெப்பம் தானாக மனத்தை ஆற்றுவதில்லை. பேச்சு மட்டுமே புண்ணை மாற்றுவதும் இல்லை. அருகிருப்பவன் தளர்ந்தால் அறியும் கண்ணும், போதும் என்பவனை வெளியே விடும் வாயிலும் இருந்தால்தான் இரண்டும் மருந்தாகும். ஊர்விட்டு வந்து, வெவ்வேறு மொழி பேசுவோரிடையே வாழும் நமக்கும் கூடியமர்ந்து மனம் திறக்க ஒரு திண்ணை வேண்டும். அதை அமைக்கும்போதே வாயிலையும் மறவாது அமைப்போமாக.