எரவாணத்துக் கதிர்

அறுவடை முடிந்ததும் நெற்கதிர்க் கொத்தை எரவாணத்தில் தொங்கவிடுவது தமிழக ஓட்டு வீடுகளின் பழைய வழக்கம். வாசலுக்கு அழகு, சிட்டுக்குருவிக்கு இரை.

அந்தக் கொத்தில் ஒரு நுட்பம் உண்டு. காற்றில் ஆடும் மெல்லிய தாளைச் சிட்டும் சில்லையும் பற்றிக்கொண்டு கொறிக்கும்; கனத்த காகத்தாலும் புறாவாலும் அதில் நிற்க முடியாது. மேலைநாடுகளில் பறவைகளுக்கான தீனிக்குழாயைச் சுற்றிக் கம்பிக்கூண்டு பொருத்துவதும் இதே நோக்கத்தில்தான். ஏறக்குறைய ஒன்றரை அங்குலக் கண்ணி வழியே சிறுபறவை மட்டும் நுழையும்.

திருப்பூர் மாவட்டத்தின் குன்னத்தூர் வட்டாரத்தில் கம்பும் சோளமும் காய்ந்த களங்களே குருவிகளுக்குப் பந்தியாக இருந்தன. களங்கள் குறைந்து, ஓட்டுக்கூரை கான்கிரீட்டாக மாறியபோது இரையும் கூடு கட்டும் இடமும் சேர்ந்தே சுருங்கின.

நீர்ப்பறவைகள் கூடும் திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியைப் பெற்றது. நீர்ப்பறவைக்குக் கிடைத்த அக்கறை வாசல் குருவிக்கும் வேண்டும். வீட்டு முன்புறத்தில் ஒரு கதிர்க்கொத்தைக் கட்டுங்கள்.